அங்கன்வாடியில் இரண்டு பிள்ளைகள் பேசுவதே இல்லை, நான் என்ன செய்யணும்?

பல்லடம் ரோடு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் ஒன்பது வருடமாகப் பணியாளராக இருக்கிறேன். பதிவேட்டில் 24 பிள்ளைகள், தினமும் பதினெட்டு பத்தொன்பது பேர் வருவார்கள். நானும் உதவியாளர் அக்காவும் மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். ஒரு பையன், மூன்று வயது மூன்று மாதம். மதியம் முட்டை கொடுக்கும் நேரம். உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "முட்டைன்னு சொல்லு, தர்றேன்" என்றேன். அவன் என் வாயையே பார்த்தான். "மு... ட்டை... சொல்லு கண்ணு" என்றேன். கையை நீட்டினான். "சொன்னாத்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் முட்டை முட்டை என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவனுக்கு உதடு பிதுங்கி, கண் நிறைந்து, கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். பிறகு நானே ஊட்டப் போனேன், வாங்கவில்லை. பசியோடு வீட்டுக்குப் போனான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவனுக்கு மொத்தம் பதினைந்து வார்த்தை இருந்தால் அதிகம். அம்மா, தாத்தா, போ, வா, இல்ல, பஸ், இந்த மாதிரி. இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவன் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் விவரமான பிள்ளை. எது வேண்டுமோ அதை விரலால் காட்டுவான், கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான், நம் கண்ணைப் பார்த்துச் சிரிப்பான், மற்ற பிள்ளைகள் கட்டை அடுக்கினால் ஓடிப்போய் உட்காருவான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா டிரைவர். பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார் பாட்டி. வசம்பு உரசி நாக்கில் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொருத்தி ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், நான்கு வயது ஆகப்போகிறது. வந்து இரண்டரை மாதம். ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றையும் பார்ப்பாள், வரிசையில் நிற்பாள், பாட்டு பாடினால் கை மட்டும் ஆட்டுவாள். சாயங்காலம் அவள் அம்மா வந்ததும் வாசலிலேயே ஒடியாவில் கடகடவென்று பேசிக்கொண்டு போகிறாள்!

இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஏதாவது செய்யணுமா, வேறு வேறா? எடை, உயரம், போஷன் டிராக்கர் ஆப்பில் பதிவு, சமையல், எல்லாவற்றுக்கும் நடுவில் என்னால் செய்யக்கூடியதாக இருக்கணும். அப்புறம், முட்டையை வைத்துக்கொண்டு பேச வைத்தது தப்பா? தப்பு என்றால் தப்பு என்றே சொல்லுங்கள்.


செவிமொழி:

டீச்சர், நான் ஸ்பீச் தெரபிஸ்ட், பதினோரு வருடமாகப் பிள்ளைகளோடுதான் வேலை. நீங்கள் இவ்வளவு கவனித்து எழுதியிருப்பதாலேயே என்னால் பதில் சொல்ல முடிகிறது.

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். ஆமாம், அது வேண்டாம். நிறைய வீட்டில், ஏன், சில தெரபி அறைகளில்கூட இதைச் செய்கிறார்கள், அதனால் நீங்கள் மட்டும் செய்த தப்பு இல்லை. ஆனால் வார்த்தை வராத பிள்ளையிடம் வார்த்தையை விலையாகக் கேட்டால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான், பேசச் சொல்லும் இடம் பயமான இடம் என்று. சாப்பாட்டைக் காட்டிப் பேசச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். அவன் கை நீட்டினானே, அதுவே அவன் கேட்டதுதான். கை நீட்டியவுடன் கொடுத்துவிட்டு, கொடுக்கும்போது "முட்டை! முட்டை வேணும். இந்தா முட்டை" என்று நீங்கள் சொல்லுங்கள். அவன் சொல்ல வேண்டியதை நீங்கள் அவனுக்காகச் சொல்வது. அதை நூறு தடவை கேட்டபிறகு ஒருநாள் அவன் வாயிலிருந்து வரும்.

அடுத்தது மிக முக்கியம். அந்தப் பையனுக்குக் காது டெஸ்ட் எடுத்தார்களா? மழைக் காலத்தில் காது வடியுமா, சளி அடிக்கடி பிடிக்குமா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா என்று பாட்டியிடம் கேளுங்கள். "என் வாயையே பார்த்தான்" என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மூன்று வயதில் பிள்ளைகள் சாதாரணமாக மூன்று சொல் சேர்த்துப் பேசுவார்கள், வெளியாள் கேட்டால் முக்கால்வாசியாவது புரியும். இரண்டு வயதிலேயே ஐம்பது வார்த்தை, "அம்மா வா", "பால் இல்ல" என்று இரண்டு சொல் சேர்ப்பது வந்திருக்கணும். இவன் அதற்கும் கீழே இருக்கிறான். அப்பா லேட்டாகப் பேசியிருக்கலாம், ஆண் பிள்ளைகள் ஓரிரு மாதம் பின்னால் வருவதும் உண்டுதான். அதற்காக மூன்றே கால் வயதில் பதினைந்து வார்த்தையோடு காத்திருக்கக் கூடாது.

சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. நம் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கேட்டால் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படித்தான் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும். சத்தம் கேட்கும், பேச்சு தெளிவாக இருக்காது. தமிழில் இதனால் ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது. நம் மொழியில் விஷயமெல்லாம் சொல்லின் வாலில் வைத்திருக்கிறோம். "அக்காவுக்கு", "அக்காகிட்ட", "அக்காவோட", "போறான்", "போனான்", "போகல", எல்லாமே கடைசியில்தான் மாறும், அந்தக் கடைசியை நாம் மெதுவாகத்தான் சொல்லுவோம். காது மந்தமான பிள்ளைக்கு "அக்கா", "போ" மட்டும் கிடைக்கும், வால் காணாமல் போகும். அவனுடைய பதினைந்து வார்த்தையையும் பாருங்கள், எல்லாம் குட்டிச் சொற்கள், வால் இல்லாதவை.

தட்டைத் தட்டிப் பார்த்து, கை தட்டிப் பார்த்து "திரும்பறான், காது நல்லா கேட்குது" என்று முடிவு செய்யாதீர்கள். பெரிய சத்தத்துக்கு அவன் திரும்பத்தான் செய்வான். வேண்டுமானால் இப்படிப் பாருங்கள்: அவன் விளையாடும்போது பின்னால் நின்று, கையால் எதையும் காட்டாமல், எங்கேயும் பார்க்காமல், சாதாரணக் குரலில் "உன் செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். அப்புறம் முன்னால் வந்து முகம் பார்த்து அதையே சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எழுதி வையுங்கள். இது டெஸ்ட் இல்லை, டெஸ்டுக்கு அனுப்ப ஒரு காரணம், அவ்வளவுதான். வித்தியாசமே தெரியாவிட்டாலும் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும்.

எங்கே போவது: 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்னும் பிள்ளைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் குழுவின் டாக்டரைப் பார்த்து, நீங்கள் கவனித்ததைச் சொல்லி, பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டிஇஐசி என்று சொல்லும் மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கும், அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபி எல்லாவற்றுக்கும் வழி செய்வார்கள். பணம் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு மாதிரியே டெஸ்ட் எடுப்பார்கள், சத்தம் கேட்டால் டப்பாவுக்குள் கட்டையைப் போடணும். ஒத்துழைக்காவிட்டால் தூங்க வைத்து எடுக்கும் பெரா டெஸ்ட் இருக்கிறது.

வசம்பு பற்றி. நாக்கில் தேய்த்துப் பேச்சு வந்ததாக நான் ஒரு பிள்ளையையும் பார்த்ததில்லை, வயிற்றுக்குள் போவது நல்லதும் இல்லை. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், "டெஸ்ட் முடியட்டும் பாட்டி, அதுவரைக்கும் நிறுத்தி வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்களா என்றும் கேளுங்கள், அது கட்டாயம் கூடாது. நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று யாராவது சொல்வார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தெளியாமல் வரலாம், வார்த்தையே இல்லாமல் போவதற்கு அது காரணம் ஆகாது.

ஒடியாப் பெண்ணைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. வீட்டு மொழியில் கடகடவென்று பேசுகிறாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். புது மொழிக்குள் விழுந்த பிள்ளைகள் பல பேர் சில வாரமோ, சில மாதமோ வாயைத் திறக்காமல் காதை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். அது குறை இல்லை. அவள் அம்மாவிடம் "வீட்டிலும் தமிழில் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை, வீட்டு மொழி கெட்டியாக இருந்தால்தான் அடுத்த மொழி அதன்மேல் ஏறும். இன்னும் நாலைந்து மாதம் போயும் உங்களிடம் ஒரு சொல்கூட வராமல், கூட விளையாடும் பிள்ளைகளிடமும் பேசாமல் இருந்தால் அப்போது பார்க்கலாம்.

கடைசியாக, நீங்களே செய்யக்கூடிய ஒன்று. கேள்வியைக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று நாள் முழுக்கக் கேட்கிறோம், அது பிள்ளைக்குப் பரீட்சை. அதற்குப் பதில் அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள், அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து என்பது ரொம்ப நீளமாகத் தெரியும். ஆனால் அந்தப் பத்துக்குள்தான் பிள்ளை பேசும். அவன் "பஸ்" என்றால் நீங்கள் "பஸ் போகுது" என்பது, அவன் "பஸ் போது" என்றால் "ஆமா, பெரிய பஸ் போகுது". ஒரு படி மட்டும் மேலே. தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், சரியாக ஒருமுறை நீங்கள் சொன்னால் போதும். இந்த வயதில் காக்காவைத் தாத்தா என்பதும் குரங்கைக் குயங்கு என்பதும் சகஜம்தான், ழ, ற எல்லாம் இன்னும் பின்னால்தான் வரும்.


நித்திலா அம்மா:

டீச்சர், செவிமொழி சொன்ன காது டெஸ்டை இந்த வாரமே எடுங்கள். தயவுசெய்து.

என் பையனுக்கு இப்போது எட்டு வயது. இரண்டு வயதில் பேசவில்லை என்று ஒரு கிளினிக்கில் காட்டினோம், "ஆம்பளப் பையன்தானே, மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்றார்கள். நாங்களும் நம்பினோம், ஏனென்றால் கதவைச் சாத்தினால் திரும்புவான், தட்டு விழுந்தால் திரும்புவான். அது அதிர்வு தரையில் தெரிந்து திரும்பியிருக்கிறான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கோவிலுக்கு மணி கட்டினோம். தேன் தடவினோம். மூன்றரை வயதில் பெரா எடுத்தபோது இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று வந்தது. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஹியரிங் எய்டு போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை, அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கும் மெஷின், வைத்தோம். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அந்த வாசலும் மூடியிருக்கும். மெஷின் வைத்தவுடன் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் அப்படி நினைத்துக்கொண்டு ஏமாந்துபோகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வாரம் இரண்டு நாள் பயிற்சி, வீட்டில் அதைவிட அதிகம். சாம்பாருக்குக் காய் நறுக்கும்போதுகூட "கத்தரிக்காய் நறுக்கறேன், காம்பை வெட்டறேன், தண்ணியில போடறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் நறுக்குவேன். இப்போது மூன்றாம் வகுப்பு, தங்கச்சியோடு சண்டை போடும் சத்தம் தெரு வரைக்கும் கேட்கிறது.

எங்கள் தெரு அங்கன்வாடியில் ஒருவராவது உங்களை மாதிரி வாயைப் பார்க்கிறான், விரலால் காட்டுகிறான் என்று கவனித்துச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். தப்பு செய்துவிட்டேன் என்று நீங்கள் தூங்காமல் இருந்தீர்களே, அந்த அக்கறையே பெரிது.


பல்லடம் ரோடு டீச்சர்:

நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன் அம்மா. பாட்டியிடம் கேட்டேன். மழை வந்தால் காது வடியுமாம், "அதுவா போயிடும்" என்று விட்டுவிடுவார்களாம். போன தடவை மருத்துவக் குழு வந்த அன்று அவன் லீவு. திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போகிறேன், அவன் அம்மாவும் ஒரு ஷிப்ட் பர்மிஷன் போடுகிறேன் என்றிருக்கிறார்.

செவிமொழி, செருப்பை எடுத்துவரச் சொல்லி, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். பின்னாலிருந்து சொன்னபோது திரும்பிப் பார்த்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. முன்னால் வந்து சொன்னதும் ஓடிப்போய் எடுத்து வந்தான். இரண்டு நாள் இரண்டு தடவை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆனால் 19 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பத்து எண்ணுவது எப்படி என்றுதான் தெரியவில்லை.


மதுரை பழைய பால்வாடி:

தங்கச்சி, நான் 1986-ல் சேர்ந்து ரிட்டயர் ஆகும்வரை இதே வேலைதான் பார்த்தேன். பத்து எண்ணுவது எப்படி என்று கேட்டாயே, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

பேச்சுக்கு என்று தனி நேரம் ஒதுக்கப் போனால் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக இருக்கிற நேரம் உனக்கு இருக்கிறது, யோசித்துப் பார். கை கழுவி விடுகிறாய். மூக்கு துடைக்கிறாய். டிராயர் மாட்டிவிடுகிறாய். எடை மிஷினில் ஏற்றுகிறாய். அந்த அரை நிமிஷம் உன் முகமும் பிள்ளை முகமும் நேருக்கு நேர் இருக்கிறது. அதில் நாம் என்ன செய்வோம்? பிள்ளை தலைக்கு மேலே உதவியாளரோடு பேசிக்கொண்டே கழுவுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கழுவினேன். பிறகு ஒரு சூப்பர்வைசர் அம்மா சொல்லி மாற்றினேன்: குனிந்து உட்கார், கையைப் பிடி, "தண்ணி சில்லுனு இருக்கு" என்று சொல், நிறுத்து. அவ்வளவுதான். சில பிள்ளை "சில்லு" என்னும். சில பிள்ளை கையை இழுத்துச் சிரிக்கும், அதுவும் பதில்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் இப்படி நாலு தடவை கிடைத்தால் மாசத்துக்கு எவ்வளவு ஆச்சு என்று நீயே கணக்குப் போடு.

உதவியாளர் அக்காவைச் சேர்த்துக்கொள். அவர் சமையல்காரர் மட்டும் இல்லை, அந்த வீட்டில் இரண்டாவது வாய். என்னோடு இருந்த உதவியாளர் படிக்காதவர், ஆனால் கீரை ஆயும்போது நாலு பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து "இது தண்டு, இது இலை, ஐயோ பூச்சி! பூச்சி எங்க போச்சு?" என்று பேசிக்கொண்டே ஆய்வார். என்னைவிட அவரிடம்தான் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள். நாலு பேர் அங்கே போனால் உன்னிடம் கூட்டமும் குறையும்.

கதை சொல்வதில் ஒன்று. புதுக் கதை தேடி ஓடாதே. ஒரே கதையை இரண்டு வாரம் சொல். மூன்றாம் நாள் முக்கியமான இடத்தில் நிறுத்து: "குரங்கு தொப்பியை எடுத்து..." என்று சொல்லிவிட்டு எல்லோரையும் பார். கதை பழகிய பிள்ளை தானாக நிரப்பும். பேசாத பிள்ளை கையைத் தலையில் வைத்துக் காட்டும். அதை ஏற்றுக்கொண்டு "ஆமா, போட்டுக்கிச்சு!" என்று முடி.

மஞ்சப்பை விளையாட்டும் நல்லது. பைக்குள் ஸ்பூன், சீப்பு, வெங்காயம், செருப்பு என்று ஐந்து சாமான் போட்டு, ஒவ்வொருவராகக் கையை விட்டு எடுக்கச் சொல். என்ன என்று கேட்காதே. அவர்கள் எடுத்ததும் நீ ஆச்சரியப்படு, போதும். சீப்பை எடுத்துத் தலை சீவிக் காட்டினால் அந்தப் பிள்ளைக்குப் பொருள் தெரியும், சொல் மட்டும்தான் பாக்கி என்று உனக்குத் தெரிந்துவிடும்.

சத்தம் இன்னொரு விஷயம். உன் மையம் ரோட்டோரம் என்று பெயரிலேயே தெரிகிறது. அந்தப் பையனை ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதே, உன் முழங்காலுக்குப் பக்கத்தில் வை. டிவியில் பாட்டுப் போட்டுவிட்டு அதற்கு மேல் நாம் கத்துவது வேண்டாம், பாட்டுக்கு நம் வாயே போதும். உள்ளங்கையில் பருப்பு கடைந்து எல்லோருக்கும் ஊட்டிவிட்டு அக்குளில் நண்டு ஓட விடுவோமே, அந்த விளையாட்டை ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையோடு விளையாடு. நண்டு ஏறப்போகும் முன்னால் நிறுத்தினால் எந்தப் பிள்ளையும் உன் முகத்தைப் பார்த்து ஏதாவது ஒரு சத்தம் போடாமல் இருக்காது.


கிழக்கு லண்டன் அக்கா:

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இங்கே ஒரு நர்சரியில் பதினாலு வருஷமாக வேலை செய்யிறன். உங்கட ஒடியாப் பிள்ளையை வாசிச்சதும் எழுதாமல் இருக்க முடியேல்லை, ஏனெண்டால் எங்கட நர்சரியில் தமிழ்ப் பிள்ளைகள்தான் அந்த இடத்தில் நிக்கிறவை. வீட்டில நல்லாய்க் கதைக்கிற பிள்ளை இங்கே வந்து மூண்டு மாசம் வாயே திறக்காது.

இங்கிலாந்தில் ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பாடத்திட்டத்தில் பேச்சும் மொழியும் மூன்று அடிப்படைப் பகுதிகளில் ஒன்று, இரண்டு வயசில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சியைப் பார்த்துப் பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கவேணும் எண்டு சட்டமே இருக்கு. அப்படி எழுதேக்க நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி: வீட்டு மொழியில் எப்படிக் கதைக்கிறா? அதைத் தெரியாமல் ஒரு பிள்ளை பின்தங்கி நிக்குது எண்டு சொல்லக் கூடாது. நீங்கள் வாசலில் கேட்டதே அந்தப் பதில்தான்.

நான் செய்யிறது இதுதான். அந்தப் பிள்ளையின்ர மொழியில் பத்துச் சொல்லைத் தாயிட்டக் கேட்டு, தமிழ் எழுத்தில எழுதி அலமாரிக் கதவில ஒட்டி வைப்பன். தண்ணி, சாப்பாடு, ஒண்டுக்கு, நோகுது, அம்மா வருவா. போலந்து, சோமாலியா, வங்காளம் எண்டு ஏழெட்டு மொழியில் எனக்கு இப்ப தண்ணி கேட்கத் தெரியும். அழுகிற பிள்ளைக்கு "அம்மா வருவா" எண்டதை அதின்ர மொழியில் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ, உங்களை விட்டு அசையாது. அடுத்தது, நாளின்ர ஒழுங்கைப் படமாக வரைஞ்சு சுவரில் கீழே, பிள்ளையின்ர கண் மட்டத்தில் ஒட்டுங்கோ. இப்ப பாட்டு, பிறகு சாப்பாடு, பிறகு நித்திரை. மொழி விளங்காத பிள்ளைக்கு அடுத்தது என்ன எண்டு தெரியாததுதான் பெரிய பயம்.

மற்றது, கைச் சைகை. போதும், இன்னும் வேணும், உதவி எண்டு நாலு சைகையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கினால் அந்தப் பையனுக்கும் உதவும். சைகை பழகினால் பேச்சு வராது எண்டு சில தாய்மார் பயப்படுவினம். நான் கண்டது நேர்மாறு, சொல் வந்ததும் பிள்ளை சைகையைத் தானாகவே விட்டிடும்.


பல்லடம் ரோடு டீச்சர்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும்.

பையனுக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறது. நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட், அப்போதும் நீர் வற்றாவிட்டால் சின்ன ஆபரேஷன் இருக்கலாம். தெரபிக்கும் பதிந்திருக்கிறோம். டாக்டர் படம் வரைந்து காட்டியதில் பாட்டிக்குப் புரிந்தது, வசம்பு நின்றுவிட்டது. வடியும் நாளில் காதில் தண்ணீர் படாமல் அவரே பார்த்துக்கொள்கிறார்.

அவன் இப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறான். பேர் சொல்லி, முகம் பார்த்து, பிறகுதான் எதுவும் சொல்கிறேன். முட்டை கொடுக்கும்போது நானே சொல்லிவிட்டுக் கொடுக்கிறேன். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. போன வியாழக்கிழமை ஓடு உரிக்க வராமல் என்னிடம் நீட்டினான். நான் ஓரத்தில் கொஞ்சம் தட்டிவிட்டு, "உரிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். ஏழு எண்ணியிருப்பேன். "உயி" என்றான். "டீச்சர் உரி" என்று நான் சொல்லிக்கொண்டே உரித்தேன். அடுத்த முட்டைக்கு "தீச்ச உயி" என்றான். உதவியாளர் அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

லண்டன் அக்கா, ஒடியாப் பெண்ணின் அம்மாவிடம் பத்துச் சொல் எழுதி வாங்கினேன். தண்ணீருக்குப் பாணி. அதைச் சொல்லி டம்ளரை நீட்டியபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் உதவியாளர் அக்காவின் புடவையைப் பிடித்து, மிக மெதுவாக, "அண்டா" என்று சொன்னாளாம். அக்கா சாதம் வடிக்கிற அண்டாவைத்தான் சொல்கிறாள் போல, சுடும் கண்ணு, கிட்ட வராதே என்று அனுப்பிவிட்டாராம். யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதைப் பேச்சாகவே நினைக்கவில்லை. ஒடியாவில் அண்டா என்றால் முட்டை. அன்று அவளுக்கு இன்னொரு முட்டை வேண்டியிருந்திருக்கிறது.

இப்போது முட்டை நாளில் நாங்கள் இரண்டையும் சொல்கிறோம், முட்டை, அண்டா. மற்ற பிள்ளைகளும் சொல்கிறார்கள். அவள் இன்னும் தமிழில் பேசவில்லை. ஆனால் நேற்று அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முட்டையையும் அவளே உரித்துக் கொடுத்தாள்.

செவிமொழி, ஒரு கேள்வி. மூன்று மாத டெஸ்டுக்கு முன்னால் அவனுக்குத் திரும்பச் சளி பிடித்தால் தேதியைத் தள்ளிப் போடணுமா, அப்படியே கூட்டிப் போகலாமா?


செவிமொழி:

அப்படியே கூட்டிப் போங்கள் டீச்சர், சளி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காது எப்படி இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியணும். அவன் சொல்லும் புது வார்த்தைகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, அதையும் கையோடு கொண்டுபோங்கள். "தீச்ச உயி"யை முதல் வரியில் எழுதுங்கள், அது இரண்டு சொல் வாக்கியம்.